டெல்மரின் கோவேறு கழுதை

அந்தத் துப்பாக்கி எங்கள் வீட்டுக்கு வந்தது என்னால்தான். தீயணைப்பு வண்டிக்குப் புது டயர் வாங்க ஊர்க்காரர்கள் ஒரு பீன்ஸ் விருந்து வைத்தார்கள். அங்கே என் கணவன் டெல்மர் பெயரில் ஒரு குலுக்கல் சீட்டு வாங்கினேன். போன வருடப் பரிசு ஒரு முழுப் பன்றித் தொடை. இந்த வருடமும் அதுதான் என்று நினைத்து, எந்தச் சட்டியில் வேகவைப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். மேடையில் டெல்மர் பெயரைக் கூப்பிட்டதும் அவன் தட்டைக் கீழே வைக்காமலே ஓடினான். பன்றி இல்லை, வேட்டைத் துப்பாக்கி என்றார்கள்.

மறுநாள் கடைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு எடுத்து வந்தான். சமையலறை மேசையில் கிடத்தினான். மேசை போதவில்லை. குழல் அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு, காபிச் சட்டியை எடுக்க விடாமல் வழி மறித்தது.

"இது துப்பாக்கியா, வயலுக்குத் தண்ணி பாய்ச்சற குழாயா?" என்றேன்.

"ரூ, இது முந்நூத்தி முப்பத்தெட்டு மேக்னம். ஆயிரம் கஜம் போகும்."

"நம்ம கறிக்கடை அவ்வளவு தூரத்துல இல்லையே."

என் முழுப்பெயர் லரூ. வீட்டில் ரூ. நான் உருளைக்கிழங்குக் கொட்டகையில், கிழங்கு ஓடிவரும் பெல்ட் முன்னால் நின்று, கல்லையும் அழுகலையும் பொறுக்கி எறிகிறவள். டெல்மர் வயலிலிருந்து கொட்டகைக்குக் கிழங்கு லாரி ஓட்டுகிறவன். ஐடஹோவில் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறார்கள். மீதிப் பேர் எங்களை வேலை வாங்குகிறார்கள்.

முதல் ஞாயிறே டெல்மர் அதைச் சரளைக்கல் குழிக்குக் கொண்டு போனான். ஊரில் எல்லோரும் சுட்டுப் பழகும் இடம் அது. என் தம்பி ஆர்லோவும் கையில் காபியோடு கூட வந்தான். அந்தத் துப்பாக்கியின் குழல் நுனியில், உதையைக் குறைப்பதற்காகப் பக்கவாட்டில் துளை போட்ட ஒரு மூடி இருந்தது. உதை குறைந்ததோ இல்லையோ, வெடித்த காற்று முழுவதும் அந்தத் துளை வழியாகப் பக்கத்தில் நிற்பவன் மேல்தான் அடிக்கும். அது ஆர்லோவுக்குத் தெரியாது. டெல்மர் சுட்டான். ஆர்லோவின் தொப்பி பறந்து முள்செடியில் மாட்டியது. காபி அவன் கோப்பையில் இல்லை, சட்டையில் இருந்தது.

"யாருய்யா என்னைச் சுட்டது?" என்று கத்தினான் ஆர்லோ.

டெல்மர் கையால் நெற்றியைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்ணை, குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்புக்கு மிகவும் பக்கத்தில் வைத்துச் சுட்டிருக்கிறான். உதைத்த வேகத்தில் ஸ்கோப்பின் விளிம்பு பின்னால் வந்து வலது புருவத்தில் அழகாக ஒரு பிறை வெட்டிவிட்டது.

"கழுதைகூட இப்படி உதைக்காதுடா," என்று முனகினான்.

"சாதாரணக் கழுதை உதைக்காது. இது கோவேறு," என்றான் ஆர்லோ. அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர்.

திங்கட்கிழமை டெல்மர் கிழங்கு இறக்க வந்தபோது கொட்டகை முழுவதும் அந்தப் பிறையைப் பார்த்துச் சிரித்தது. எங்கள் ஊரில் அதற்கு விளக்கம் தேவையில்லை. அது எதனால் வருகிறது என்று பாதிரியாருக்கும் தெரியும், பல் வைத்தியருக்கும் தெரியும்.

அது டெல்மரின் பொம்மையாகவே இருந்திருக்கும். ஆனால் அந்தக் கோடையில் எனக்குக் குலுக்கலில் எல்க் மான் வேட்டை அனுமதி விழுந்தது. வடக்கே, பெரிய பள்ளத்தாக்குப் பகுதி. கொம்பன் மட்டும். வருடா வருடம் எழுதிப் போட்டு, வருடா வருடம் இல்லை என்று வந்த இடம். எனக்குக் கல்யாணமான வருடத்தில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் அது கிடைத்துவிட்டது. ஆர்லோவுக்கு இரண்டு தடவை கிடைத்து, இரண்டு தடவையும் வெறுங்கையோடு வந்தான். என் அனுமதியில் நான்தான் சுட வேண்டும். டெல்மர் கூட வரலாம், குனிந்து நடக்கலாம், குசுகுசுக்கலாம். விசையில் அவன் விரல் படக்கூடாது. வீட்டிலிருந்த உறைபெட்டியில் அப்போது ரொட்டியும் போன வருடத்துச் சோளமும்தான் இருந்தன. ஒரு கொம்பன் கிடைத்தால் வசந்தம் வரைக்கும் கறிக்குக் கவலையில்லை. அதைவிட, சும்மா சொல்வானேன், எனக்கு அது வேண்டும். எத்தனையோ வருடம் மற்றவர்கள் கொண்டுவந்த கொம்பைப் பார்த்து "ஆகா" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

என்னிடம் நல்ல லேசான துப்பாக்கி ஒன்று இருந்தது. செப்டம்பரில் ஆர்லோ தன் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அதன் மேல் ஏற்றிவிட்டான்.

"அங்க ஏன் வச்சே?" என்று என்னைத்தான் கேட்டான்.

"என் வீட்டு வாசல்லதானேடா வச்சேன்?"

"நான் வருவேன்னு தெரியும்ல, அக்கா."

ஆக, எனக்கு மிஞ்சியது கோவேறு கழுதை.

பெரிய துப்பாக்கிக்கு ஒரு குணம் உண்டு. நாலைந்து தடவை உதை வாங்கினால் போதும், அடுத்த தடவை வெடிப்பதற்கு முன்பே உடம்பு பயந்து துள்ளிவிடும். துள்ளினால் குண்டு எங்கேயோ போகும். துள்ளியது நமக்கே தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, தோட்டா இருக்கிறதா இல்லையா என்று நமக்குத் தெரியாமல் இன்னொருவர் துப்பாக்கியை நிரப்பித் தருவது. வேலை முடிந்ததும் குழிக்குப் போவோம். ஆர்லோ முதுகைக் காட்டிக்கொண்டு நிரப்புவான். சில சமயம் தோட்டா, சில சமயம் வெறும் கூடு. நான் படுத்து, கோதுமை நிரப்பிய சிறு மூட்டை மேல் குழலை வைத்து, விசையை அழுத்துவேன். வெறும் கூடு என்றால் 'டிக்' என்று ஒரு சத்தம். அந்த 'டிக்'குக்கு முதல் நாள் நான் குளிர்ந்த தண்ணீர் ஊற்றின பூனை மாதிரி துள்ளினேன்.

"அக்கா, அது உன்னை ஒண்ணுமே பண்ணலையே!" என்று ஆர்லோ தரையில் உருண்டு சிரித்தான்.

"நீ வந்து படு. நான் நிரப்பறேன்."

"எனக்கு முதுகு வலி."

பத்து மணி நேரம் பெல்ட் முன்னால் நின்ற தோள் அது. வேறு வலிக்கு அதில் இடமில்லை என்று நினைத்திருந்தேன். இருந்தது. ஆனால் பெல்ட் ஒன்று கற்றுக்கொடுத்திருக்கிறது: எதிர்த்து விறைத்தால் உடம்பு உடையும், சேர்ந்து போனால் தாங்கும். கட்டையைத் தோளில் இறுக்கி அணைத்து, கண்ணை ஸ்கோப்பிலிருந்து தள்ளி வைத்து, பாதி மூச்சை விட்டு, உதை வருகிறபோது வரட்டும் என்று விட்டுவிட்டேன். மாதக் கடைசியில் 'டிக்' வந்தாலும் அசையாமல் கிடந்தேன். அறுநூறு கஜத்தில் தொங்கவிட்ட இரும்புத் தட்டு, அடித்தால் அடித்தபடி கணீர் என்றது. அதற்கு மேல் மானைச் சுடமாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டெல்மருக்கு அதில் வருத்தம்.

"ஆயிரம் போகும், ரூ."

"துப்பாக்கி போகும். நான் போகமாட்டேன்."

தூரத்துக்குச் சுடுவதில் ஒரு திருகு விஷயம் இருக்கிறது. போகப் போகக் குண்டு கீழே இறங்கும். அதற்கு ஈடாக ஸ்கோப்பின் தலையில் ஒரு திருகு. இத்தனை கஜம் என்றால் இத்தனை கிளிக் ஏற்ற வேண்டும். சுட்டு முடித்ததும் மறக்காமல் பூஜ்யத்துக்கு இறக்கிவிட வேண்டும். இறக்காமல் பக்கத்தில் நிற்பதைச் சுட்டால் குண்டு அதன் தலைக்கு மேல் போகும். இதெல்லாம் டெல்மர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். மூன்று தடவை சொன்னான். மூன்று தடவையும் விரலை ஆட்டிச் சொன்னான்.

அறுவடை முடிகிற சமயம். கொட்டகை மேஸ்திரி எனக்கு வெள்ளி, சனி, ஞாயிறு விடுப்பு தந்தார். திங்கட்கிழமை காலை பெல்ட்டில் நிற்க வேண்டும். வியாழன் சாயங்காலமே பள்ளத்தாக்கின் விளிம்பில் கூடாரம் போட்டுவிட்டோம். ஆர்லோ தன் இரண்டு குதிரைகளைக் கொண்டுவந்தான். சமையல் கூடாரத்தின் நடுக்கம்பில் வழக்கம் போலச் சட்டைத் துணிகளை ஆணியடித்துத் தொங்கவிட்டான். எங்கள் முகாமில் எவன் சுட்டுத் தவறவிட்டாலும், அன்று சாயங்காலம் அவன் சட்டையின் பின்முனையைக் கத்தரித்துக் கம்பில் அடித்துவிடுவோம். மன்னிப்பு, காரணம், காற்று, சூரியன், எதுவும் செல்லாது. கம்பில் பாதிக்கு மேல் ஆர்லோவின் துணி. மிச்சம் டெல்மருடையது. என்னுடையது ஒன்றுகூட இல்லை.

"எனக்கு இங்க ஒரு போர்வை தைக்கற அளவுக்குத் துணி இருக்கு," என்று பெருமையாகச் சொன்னான் ஆர்லோ.

அன்று வருகிற வழியிலேயே சரளைக்கல் குழியில் ஒரு நிமிடம் நிறுத்தி, ஸ்கோப் ஆடியிருக்கிறதா என்று ஒரு தோட்டா சுட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. நான் வண்டி மேலிருந்த கூடாரக் கம்புகளை இறுக்கிக் கட்டப் போய்விட்டேன். பின்னால் இன்னொரு வெடி. திரும்பினால் டெல்மரும் ஆர்லோவும் ஒருவரையொருவர் முதுகில் அறைந்துகொண்டிருந்தார்கள். குழிக்கு அப்பால் சரிவில் வெள்ளையாய் இருந்த ஒரு பாறையை டெல்மர் அடித்துவிட்டானாம்.

வெள்ளிக்கிழமை முழுவதும் மூடுபனி. என் பூட்ஸ் நுனிகூடத் தெரியவில்லை. சனிக்கிழமை பெட்டைகள் முப்பது வந்தன, ஒரு கொம்பன் இல்லை. பிற்பகலில் ஒன்று தெரிந்தது. பள்ளத்தாக்கின் அந்தக் கடைசியில், எறும்பு அளவில்.

"தொள்ளாயிரத்து இருபது," என்றான் டெல்மர், தூரம் காட்டும் கருவியில் கண்ணை வைத்து. "இது அதுக்குத்தான் செஞ்ச துப்பாக்கி, ரூ."

"வேண்டாம்."

"நாளைக்கு ஒரு காலைதான் இருக்கு."

"தெரியும். வேண்டாம்."

அவன் பெருமூச்சு விட்டான். பிறகு கருவியை உறையில் போட்டு மூடினான். அவனிடம் எனக்குப் பிடித்தது அதுதான். கேட்பான், ஆனால் நச்சரிக்கமாட்டான். அன்று சாயங்காலம் பீன்ஸ் தின்றோம். உறைபெட்டியில் இருந்த ரொட்டியை நினைத்துக்கொண்டு தின்றேன்.

ஞாயிறு விடியும்போது வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. காற்று இல்லை. ஆர்லோ குதிரைகளோடு முகாமில் இருந்தான். நானும் டெல்மரும் விளிம்பில் ஒரு பாறைக்குப் பின்னால் படுத்திருந்தோம். வெளிச்சம் சரிவில் இறங்க இறங்க, எங்களுக்கு நேர் கீழே இருந்த மஞ்சள் மரக் கூட்டத்துக்குள் ஒரு கிளை அசைந்தது. கிளை இல்லை. கொம்பு.

கொம்பன் வெளியே வந்தது. கழுத்து மயிர் கறுப்பாக, முதுகு வைக்கோல் நிறத்தில். மூக்கிலிருந்து புகை.

"இருநூறு," என்றான் டெல்மர் என் காதில். "இருநூறே இருநூறு, ரூ. திருகே வேண்டாம். அப்படியே சுடு."

கோதுமை மூட்டை மேல் குழல். பாதுகாப்புப் பூட்டை விலக்கினேன். தோளுக்குப் பின்னால் குறி. பாதி மூச்சு. உதை வந்தது.

கொம்பன் அப்படியே நின்றது. அதற்கு வெகு பின்னால், எதிர்ச் சரிவின் உயரத்தில், ஒரு தூசிப் புகை எழுந்தது.

"மேல போயிடுச்சு," என்றான் டெல்மர். "முதுகுக்கு மேல."

துள்ளிவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு மாதம் 'டிக்' கேட்டும், வேண்டிய நேரத்தில் துள்ளிவிட்டேன். அதற்குள் கொம்பன் தலையைத் தூக்கி, எதிரொலி எந்தப் பக்கம் என்று தெரியாமல் குழம்பி, சரிவில் இறங்கி, ஓடையைத் தாண்டி அந்தப் பக்கம் ஏறத் தொடங்கியது. ஓடவில்லை. கோயிலுக்கு நேரமாகிவிட்ட பெரிய மனிதன் மாதிரி வேகமாக நடந்தது.

போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றினேன். கண்ணைத் தூக்கியபோது ஸ்கோப்பின் தலை என் மூக்குக்கு முன்னால் இருந்தது. அதில் பூஜ்யம் இல்லை.

"டெல்மர்."

"ம்?"

"வியாழக்கிழமை அந்த வெள்ளைப் பாறை எவ்வளவு தூரம்?"

அவன் திருகைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. பிறை மட்டும் சிவப்பாக நின்றது.

"அறுநூறு," என்றான்.

"இறக்கினியா?"

"ஆர்லோ முதுகுல அறைஞ்சான், நானும் அறைஞ்சேன், அந்தச் சந்தோஷத்துல... ஐயோ, ரூ. ஐயோ, நான் ஒரு..." என்று கையை நீட்டித் திருகைப் பூஜ்யத்துக்குத் திருப்பப் போனான்.

அந்தக் கையில் பட்டென்று ஓர் அடி போட்டேன்.

"தொடாதே! அது இப்ப எங்க நிக்குதுன்னு பாரு."

கொம்பன் எதிர்ச் சரிவில் பாதி ஏறி, அங்கே ஒரு மேட்டில் நின்று, எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. முழு உடம்பும் பக்கவாட்டில். டெல்மர் கருவியைத் தலைகீழாகப் பிடித்து, சரியாகப் பிடித்து, பார்த்தான்.

"ஐந்நூத்தி எண்பது," என்றான். அதையே நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தான். "ஐந்நூத்தி எண்பது!"

இரண்டு கிளிக் இறக்கினேன். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

ஸ்கோப்பில் அது பெரிய நாய் அளவில் தெரிந்தது. இரும்புத் தட்டை நினைத்துக்கொண்டேன். வெறும் கூடுதான் உள்ளே இருக்கிறது, ஆர்லோ முதுகைக் காட்டி நிரப்பியது, இப்போது 'டிக்' வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அழுத்தினேன்.

உதைத்தது. வெடி பள்ளத்தாக்கு முழுவதும் உருண்டு போனது. அது அடங்குவதற்குள், அந்தப் பக்கத்திலிருந்து ஈர மூட்டையைக் கட்டையால் அடித்த மாதிரி ஒரு சத்தம் திரும்பி வந்தது. கொம்பன் மூன்றடி நடந்தது, யோசித்தது, உட்கார்ந்தது. பிறகு சாய்ந்தது.

நான் எழுந்திருக்கவில்லை. நெற்றியைக் கோதுமை மூட்டை மேல் வைத்துக்கொண்டு கிடந்தேன். டெல்மர் என் பூட்ஸைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தான், கை கொடுக்க வேறெதுவும் அகப்படாதவன் மாதிரி.

மான் விழுந்த பிறகுதான் வேலையே என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆர்லோ குதிரைகளோடு வந்து, எதிர்ச் சரிவைப் பார்த்து, "ரெண்டு பேருக்கும் இதைவிடப் பள்ளமான இடம் கிடைக்கலையா?" என்றான். உரித்து, துண்டு போட்டு, பைகளில் கட்டி, குதிரை மேல் ஏற்றி முகாமுக்கு வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. என் தோளில் பிளம் பழ நிறத்தில் ஒரு வீக்கம்.

இதயத்தை மெல்லிசாக வெட்டி வெங்காயத்தோடு வாணலியில் போட்டேன். ஆர்லோ கத்தரிக்கோலை எடுத்து மேசையில் வைத்தான்.

"ரெண்டு வெடி கேட்டேன். ஒரு மான்தான் இருக்கு."

டெல்மர் நடந்ததைச் சொன்னான். எதையும் மறைக்கவில்லை. ஆர்லோ கன்னத்தைச் சொறிந்தான்.

"வருத்தமாத்தான் இருக்கு. ஆனா சட்டம் என்ன சொல்லுது? விரல் யாருது? அக்கா விரல். காரணம் செல்லாது. எழுந்திரு அக்கா, கம்புல உனக்குன்னு ரொம்ப நாளா ஒரு ஆணி காலியா வச்சிருக்கேன்."

அவன் சொன்னது சரிதான். படுத்துச் சுடுகிறவள்தான் திருகைப் பார்க்க வேண்டும். நான் சட்டை முனையை வெளியே இழுத்தேன். ஆனால் டெல்மர் எனக்கு முன்னால் எழுந்து, முதுகைத் திருப்பி, தன் சட்டையை இழுத்துவிட்டு நின்றான். சிவப்புக் கட்டம் போட்ட புதுச் சட்டை. வேட்டைக்கென்று நான் வாங்கித் தந்தது.

"என்னுதை வெட்டு."

"நீ சுடவே இல்லையே!"

"முதல் குண்டு என்னுது. அவ விரல் வழியா நான் சுட்டது."

"அப்படின்னா ரெண்டாவது குண்டு?" என்று கேட்டேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். முகத்தில் மெதுவாக ஒரு திருட்டுச் சிரிப்பு வந்தது. "யோசிச்சுப் பார்த்தா, அந்தத் தூரத்துக்குத் திருகை மூணு நாள் முன்னாடியே தயாரா வச்சது யாரு?"

"ஆர்லோ," என்றேன், "ஆழமா வெட்டு."

ஆர்லோ வெட்டினான். டெல்மரின் முதுகு பாதி தெரிந்தது. துணியை ஆணியில் அடிக்கப் போனபோது நான் கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

"அக்கா, அது கம்புக்குச் சொந்தம்!"

"கம்புக்குப் பாதி." ஒரு கீற்றைக் கிழித்து அவனிடம் தந்தேன். மிச்சத்தைக் கொண்டுபோய், கோவேறு கழுதையின் ஸ்கோப் தலையில், திருகைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டு, கண் வைக்கும் கண்ணாடியையும் மூடுகிற மாதிரி சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டேன். "இனிமே இதை அவிழ்க்காம யாரும் சுட முடியாது. அவிழ்க்கறவன் திருகைப் பார்த்துத்தான் ஆகணும்."

"என் துப்பாக்கிக்குத் தலைப்பாகையா?" என்றான் டெல்மர்.

"யார் துப்பாக்கி? சீட்டு வாங்கினது யாரு?"

அவன் வாயைத் திறந்தான். வாணலியில் இருந்து ஒரு துண்டு இதயத்தை எடுத்து அதில் வைத்தேன். மென்றுகொண்டே தலையாட்டினான்.

திங்கட்கிழமை பெல்ட்டில் நின்றபோது பெண்கள் காலரை விலக்கித் தோளைக் காட்டச் சொன்னார்கள். பார்த்துவிட்டு விசிலடித்தார்கள். உறைபெட்டி மூட வராமல் டெல்மர் அதன் மேல் ஏறி உட்கார்ந்து மூடினான். இப்போதும் குழிக்குச் சுடப் போகும்போது புதியவர்கள் அந்தச் சிவப்புத் துணி எதற்கு என்று கேட்பார்கள். டெல்மரே சொல்வான், கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான். போன வாரம் அவன் சொன்ன கணக்கில் அந்தப் பாறை ஆயிரம் கஜம் தாண்டிவிட்டது.